பதினான்காவது காரணம்

எட்டாவது காரணத்துக்கு வந்திருந்தபோது குலாம் முகம்மதுவின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி மணலில் விழுந்தது. தேவனாம்பட்டினத்து மணல் ஒரு பொருளை வாங்கிக்கொண்டால் லேசில் திருப்பித் தராது.

வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே குரல் கொடுத்தார். "பக்கிரி, ஸ்பேனர் உழுந்துடுச்சு. தேடு."

"தேடுறேன் பாய்," என்றான் பக்கிரி. அவன் டிரைவர். நாற்பது வயது, நாலு பிள்ளைகள். தேடுவதுபோல் மணலைக் காலால் இரண்டு தரம் தள்ளிவிட்டு, கரைக்கு வந்துகொண்டிருந்த கட்டுமரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

வண்டிக்குள் ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள் குலாம் முகம்மதுவின் மனைவி ஆசியா உம்மாள். "நாசமாப் போற வண்டி! ஒரு சுத்து சுத்திட்டு லுஹர் தொழுகைக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம்னு சொல்லிக் கூட்டியாந்தீங்களே, ஆரிபா வாப்பா! இப்ப மணி என்னா?"

"பன்னெண்டு நாப்பத்தாறு," என்று அடியிலிருந்து பதில் வந்தது. மணி கேட்டால் அவர் கூட்டியும் சொல்லமாட்டார், குறைத்தும் சொல்லமாட்டார்.

"வெயிலு மண்டையப் பொளக்குது. வித்துத் தொலைங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று அவள் வலைக்காரர்கள் எல்லாரும் கேட்கும்படி சத்தம் போட்டாள். கடலூரில் பிறந்து கடலூரிலேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். ராத்திரி பகலாக அலைச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாளே தவிர, கல்யாணத்துக்குப் பிறகு கடலைக் கிட்டத்தில் பார்த்தது இன்றைக்குத்தான்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நெய்வேலிப் பக்கம் பூமியைத் துளைபோட்டுப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டு இன்ஜினியர், போகிற இடமெல்லாம் தங்கிக்கொள்வதற்காகக் கட்டிய டீசல் வண்டி அது. உள்ளே இரண்டு மடக்குக் கட்டில், சுவரோடு பொருத்திய ஸ்டவ், தண்ணீர்த் தொட்டி, கை கழுவப் பீங்கான் கிண்ணம், முகம் பார்க்கக் கண்ணாடி. துரை ஊருக்குத் திரும்பியபோது வண்டி ஏலத்துக்கு வந்தது. பினாங்கிலிருந்து அப்போதுதான் வந்திறங்கியிருந்த குலாம் முகம்மது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று உள்ளே ஏறினார். இறங்கும்போது அது அவருடையதாகியிருந்தது. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், அதற்கு 'வூட்டு வண்டி' என்று பேர்.

பினாங்கில் அவர் இருபத்திரண்டு வருஷம் ஒரு பஸ் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தவர். பஸ் புறப்பட்ட நேரத்தை எழுதுவார், வந்து சேர்ந்த நேரத்தை எழுதுவார். நடுவில் அது எந்த மலையைச் சுற்றியது, எந்தக் கிராமத்தைத் தாண்டியது என்பதற்கெல்லாம் அவர் நோட்டில் இடமில்லை. ஊர் திரும்பிய பிறகும் அந்தக் குணம் போகவில்லை.

"வண்டின்னா பொறப்படணும், சேரணும். நடுவுல நிக்கறது குத்தம்," என்பார். இளநீருக்கு நிறுத்தமாட்டார். டீக்கு நிறுத்தமாட்டார். போன தைப்பூசத்தன்று வடலூர் வழியாகப் போகையில், "எத்தினி ஜனம் பாருங்க! சபையில இன்னிக்கி ஜோதி காட்டுறாங்களாம். கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன்," என்று ஆசியா உம்மாள் கேட்டாள். "ஏற்கெனவே எட்டு நிமிஷம் லேட்டு," என்று சொல்லிவிட்டார். ஆண்டவன் சித்தம், இரண்டு பர்லாங் தாண்டுவதற்குள் வண்டி தானாகவே நின்றுவிட்டது. கிளம்ப ஆறு மணி நேரம் ஆயிற்று.

ஆனால் நின்றுபோன வண்டியைப் பழுது பார்ப்பது என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். துரை விட்டுப்போன சிவப்பு அட்டைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதன் கடைசியில் 'இன்ஜின் நின்றுபோனால்' என்று தலைப்புப் போட்டுப் பதினான்கு காரணங்கள். குலாம் முகம்மது ஒவ்வொரு தடவையும் ஒன்றாவதிலிருந்து ஆரம்பிப்பார். ஒன்றைத் தாண்டி மூன்றுக்குப் போகிற வழக்கம் கிடையாது. எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டிருக்கும்போது பக்கிரி மெதுவாக, "ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுமா பாய்?" என்பான். வண்டி கிளம்பிவிடும். அந்த நேரத்தில் எந்தக் காரணத்தில் கை வைத்திருந்தாரோ அதுதான் கோளாறு என்று தேதி போட்டு ஓரத்தில் எழுதிக்கொள்வார். இரண்டு வருஷத்தில் பதினோரு தடவை நின்றதில், பதினான்காவது காரணம் வரைக்கும் அவர் போக நேர்ந்ததே இல்லை.

புத்தகத்தில் இல்லாத ஒன்றையும் அவர் சொந்தமாகக் கண்டுபிடித்திருந்தார். வண்டி நிற்பதற்கு முன்னால் ஆசியா உம்மாள் இருமுவாள். திரைக்குப் பின்னாலிருந்து மூன்று இருமல் வரும். அப்புறம் கால் மைல் போவதற்குள் இன்ஜின் அடங்கிவிடும்.

"புகை எங்கியோ கசியுது பக்கிரி. இன்ஜினுக்கு மூச்சு முட்டுறது நமக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரிஞ்சுடுது. ஆசியா தொண்டை இருக்கே, அது எந்த மீட்டரையும் விட ஒசத்தி."

"ஆமாம் பாய்," என்றான் பக்கிரி, ரொம்ப மரியாதையாக.

தேவனாம்பட்டினத்தில் ஒன்பதாவது காரணத்தை ஆரம்பிக்குமுன் சாப்பாடு ஆயிற்று. அதிலும் ஆசியா உம்மாளைச் சொல்லவேண்டும். வண்டி நிற்குமென்று யார் கண்டார்கள்? ஆனாலும் புறப்படும்போதே அவள் தூக்குச் சட்டியில் நாலு பேருக்குச் சோறும் மீன் ஆணமும் எடுத்துவைத்திருப்பாள். அவ்வளவு முன்யோசனை.

சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் மறுபடி ஆரம்பித்தாள். "நம்ம மவ ஆரிபாவுக்கு ஏழாம் மாசம். வர்ற வியாழக்கெழம சிதம்பரம் போய் இந்த வண்டியிலதான் கூட்டியாருவேன்னு நிக்கிறீங்க. புள்ளத்தாச்சியோட நடு ரோட்டுல நின்னுச்சுன்னா? இரும்பு எருமை! வித்துத் தொலைங்க, சொல்லிட்டேன்."

ஒவ்வொரு தடவை நின்றபோதும் அவள் சொல்கிற வசனம்தான். மற்ற நாளாக இருந்தால் குலாம் முகம்மதுவின் காதில் ஏறியிருக்காது. அன்றைக்குத் தலையெல்லாம் டீசல், கண்ணெல்லாம் மணல், பிடித்தமான ஸ்பேனரும் போய்விட்டது. சோற்றை உருட்டியவர் அப்படியே தட்டில் வைத்தார்.

"நீ சொல்றது ஞாயம்தான்," என்றார்.

ஆசியா உம்மாளின் அகப்பை நடுவழியில் நின்றது.

"வியாழக்கெழம காலையில எட்டு மணிக்குப் பொறப்படுவோம். சாயங்காலத்துக்குள்ள அண்ணாமலை நகர் போய்ச் சேரணும். வழியில நின்னுச்சுன்னா அன்னிக்கே சிதம்பரத்து தட்சிணாமூர்த்தி மச்சான் கையில குடுத்துடுறேன். பம்புசெட்டுக்கு இந்த இன்ஜின் வேணும்னு ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்காரு."

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேங்க."

"இல்ல ஆசியா. இருவத்திரண்டு வருஷம் உன்னத் தனியா விட்டுட்டுப் போனேன். வந்து, உன் கழுத்துல இந்த வண்டியக் கட்டிட்டேன். எனக்குப் புடிச்சா மட்டும் போதுமா? வாக்குன்னா வாக்குதான்."

பக்கிரிக்குப் புரையேறியது. தண்ணீர் கொடுக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

குலாம் முகம்மது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வண்டி வழக்கம்போலக் கிளம்பி வீடு வந்து சேர்ந்ததும், அன்று மாலையே தட்சிணாமூர்த்திக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டார். எழுதிவிட்டு வெளியே போய் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வண்டிமேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். அதைக் கொடுத்துவிட நேருமோ என்று நினைத்தபடி டயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

வண்டி நிற்கக் கூடாதென்றால் ஆசியா இருமக் கூடாது. ஆசியா இருமக் கூடாதென்றால் புகை கசியக் கூடாது. இப்படி யோசித்துக்கொண்டு போனவர் நேராகத் தேவனாம்பட்டினத்துப் படகுப் பட்டறைக்குப் போனார். படகின் பலகை இடுக்கில் பஞ்சை அடைத்து, மேலே தார் போன்ற கீலைக் காய்ச்சி ஊற்றுவார்கள். ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. கடலே உள்ளே வராதபோது புகை எப்படி வரும்? ஒரு டின் கீல் வாங்கிவந்து, வண்டியின் அடித்தளத்தில் ஓர் ஊசி நுழையும் இடம்கூட விடாமல் பஞ்சைத் திணித்துக் கீலைப் பூசினார். புகைக்குழாய் போகிற இடத்துக்கு மேலே இரட்டைப் பூச்சு.

"ரொம்ப ஜாஸ்தியா பூசிட்டீங்க பாய்," என்றான் பக்கிரி.

"இருக்கட்டும். வண்டி தப்பிக்கணும்ல."

வியாழக்கிழமை எட்டு மணிக்கு பிஸ்மி சொல்லி வண்டி புறப்பட்டது. குலாம் முகம்மது முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். ஆசியா உம்மாள் பின்னால், திரைக்கு அந்தப் பக்கம். வாயில் இஞ்சி மொரப்பா ஒன்றை அடக்கிக்கொண்டு, முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"சோத்துச் சட்டி எங்க?" என்று திரும்பிக் கேட்டார்.

"இன்னிக்கி எடுத்துவைக்கல. வண்டி நிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

குலாம் முகம்மதுவுக்குப் பெருமையாக இருந்தது. இந்த வண்டியை அவள் நம்புவது இதுதான் முதல் தடவை.

ஆலப்பாக்கம் தாண்டியது. எட்டு ஐம்பத்தொன்று. புதுச்சத்திரம் தாண்டியது. ஒன்பது பத்து. அவர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். இன்ஜின் தம்பூரா மாதிரி ஒரே சுருதியில் பாடியது. வண்டிக்குக் கீழே புகைக்குழாய் நன்றாகச் சூடேறியது. அதற்கு மேலே இருந்த இரட்டைப் பூச்சும் சூடேறியது.

முட்லூர் நெருங்கும்போது கீல் உருக ஆரம்பித்தது. அதன் நெடி பலகை வழியே நேராக மேலேறி, ஆசியா உம்மாளின் மூக்கைத் தேடிக்கொண்டு போனது. வெளிக்காற்று வராமல்தான் எல்லா இடுக்கையும் அடைத்தாகிவிட்டதே! அவள் முந்தானையை வாயில் திணித்தாள். மூச்சைப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

குலாம் முகம்மது திரையை விலக்கித் திரும்பிப் பார்த்தார். மனைவி கண் கலங்கித் தலைகுனிந்து இருப்பதைக் கண்டார். வண்டிக்காகத் துஆ கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, நெகிழ்ந்துபோய் முன்னால் திரும்பினார்.

அப்போது அவள் இருமினாள்.

குலாம் முகம்மது விறைத்துப்போனார். பக்கிரி திகைத்துப்போய்க் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தான். இரண்டாவது இருமல் வந்தது. மூன்றாவது, அடிவயிற்றிலிருந்து வந்தது.

பக்கிரி தலையைச் சொறிந்தான். பிறகு வழக்கம்போலக் குனிந்து காலைச் சொறிந்துகொண்டான்.

வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், மேட்டின்மேல் வண்டி நின்றது.

உடனே பின்கதவு படாரென்று திறந்தது. ஆசியா உம்மாள் இறங்கி, இருமிக்கொண்டே முன்பக்கம் வந்தாள். வந்தவள் புருஷனைப் பார்க்கவே இல்லை.

"பக்கிரி! உனக்கு மூளை இருக்காடா?"

"நீங்க இருமுனீங்களேம்மா..."

"இருமுனா?"

"அவன என்னாத்துக்குத் திட்டுற?" என்று குலாம் முகம்மது குறுக்கே வந்தார். "அவன் சரியாத்தான சொல்றான். நீ இருமுனா வண்டி நிக்கும். நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

ஆசியா உம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "எல்லாம் என் வாயால வந்தது," என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

"அழுவாத. இருமல் யார் கையில இருக்கு?" என்று அவளைத் தேற்றிவிட்டு, குலாம் முகம்மது சிவப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"பாய், ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்துடுறேன்."

"ஒண்ணாவது காரணமே இன்னும் பாக்கல. வரிசைன்னு ஒண்ணு இருக்கு."

"ஒரு நிமிஷம் பாய்."

"எறங்குடா!"

அன்றைக்கு அவருக்கு அவசரம். முதல் இரண்டு காரணங்களைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, மூன்றாவதுக்காக டீசல் குழாயின் மறையைக் கழற்றினார். கழற்றி, உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று கண்ணைக் கிட்டே கொண்டுபோன நேரத்தில், பக்கிரி யாருக்கும் தெரியாமல் டிரைவர் ஸீட்டில் ஏறி என்னமோ செய்தான். டீசல் பீய்ச்சி அடித்து அவரைத் தலைமுதல் மார்வரை குளிப்பாட்டியது.

"அல்லா! அடைப்பு தானா உட்டுக்கிச்சு!" என்று அவர் சந்தோஷமாகக் கத்தினார். கத்திய வேகத்தில் கையிலிருந்த செம்பு வாஷர் எகிறிப்போய் வாய்க்கால் சேற்றில் விழுந்தது.

வாஷர் இல்லாமல் குழாயை முடுக்கினால் ஒழுகியது. துண்டைச் சுற்றிப் பார்த்தார். துண்டு முழுக்க டீசல். சோப்பைப் பிசைந்து அப்பினார். சோப்பு கரைந்து ஓடியது. கடைசியில் ஆசியா உம்மாளே வெற்றிலைப் பெட்டியிலிருந்து ஓர் ஓட்டைக் காலணாவை எடுத்து நீட்டினாள்.

"இது நீங்க கப்பலேறுன அன்னிக்கி குடுத்துட்டுப் போனது. ஓட்டை சரியா இருக்குமா பாருங்க."

"இத எதுக்குடி எடுக்கிற?"

"வண்டி ஓடணும்ங்க," என்றாள்.

ஓட்டைக் காலணா ஏறக்குறையச் சரியாகத்தான் இருந்தது. அந்த ஏறக்குறைய வழியாக டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போனது. பக்கிரி ஸ்டார்ட் செய்தான். இன்ஜின் மூன்று தடவை இருமிவிட்டு அடங்கியது. மறுபடி செய்தான். மறுபடியும் அப்படியே. அரை மணி நேரத்தில் பேட்டரி செத்துப்போனது.

வயலில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் கரையேறி வந்தார்கள். "தள்ளிவுடலாம் வாங்கடி, வூடு மாரி இருக்குது பாரு!" என்று சிரித்துக்கொண்டே எட்டுப் பேர் வண்டியின் பின்னால் கை வைத்தார்கள். மேட்டில் பத்தடி ஏறியது. அதற்குமேல் அவர்களுக்கு முடியவில்லை. விட்டுவிட்டு விலகினார்கள். வண்டி வந்த வழியே பின்னால் உருண்டு, பின்சக்கரம் இரண்டையும் வாய்க்காலில் இறக்கி, நிதானமாக உட்கார்ந்துகொண்டது.

அப்போது பாலத்துப் பக்கமிருந்து சலங்கைச் சத்தம் கேட்டது. இரண்டு ஜோடி மாடுகளை ஓட்டிக்கொண்டு, தோளில் இரும்புச் சங்கிலியோடு ஓர் ஆள் வந்தார். சிதம்பரத்து தட்சிணாமூர்த்தி. குலாம் முகம்மதுவோடு சின்ன வயதில் ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து அடி வாங்கியவர்.

"கார்டு கெடைச்சுது மச்சான். காலையிலேருந்து பாலத்தடியில மாட்டோட உக்காந்திருக்கேன். எப்படியும் நிக்கும்னு தெரியும். ஆனா எங்கூரு கிட்ட வந்து நிக்கும்னு எதிர்பாக்கல. ரொம்ப ஒத்தாசை!"

குலாம் முகம்மது டீசல் வழிந்த முகத்தோடு நின்றார்.

நாலு மாடும் சேர்ந்து வண்டியை வாய்க்காலிலிருந்து தூக்கின. அப்படியே பாலம் தாண்டி இழுத்தன. பக்கிரி ஸ்டியரிங்கைப் பிடித்தான். குலாம் முகம்மது பக்கத்தில் உட்கார்ந்து, மாட்டு வாலுக்குப் பின்னால் இருந்தபடி, பழக்கதோஷத்தில் நேரத்தை எழுதிக்கொண்டே வந்தார். சிதம்பரத்துக் கோபுரம் நாலும் ஒவ்வொன்றாக வயலுக்கு மேலே தலை காட்டின. ஆசியா உம்மாள் ஜன்னலில் சாய்ந்து பார்த்துக்கொண்டு வந்தாள். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அண்ணாமலை நகரில் மருமகன் யூனிவர்சிட்டி லைப்ரரியில் வேலை பார்த்தான். குவார்ட்டர்ஸ் வாசலில் மாடு நின்றபோது மணி ஐந்து இருபது. ஆரிபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னா வாப்பா, டீசலுக்குப் பதிலா புண்ணாக்கு போட்டுட்டீங்களா?"

வேறு நாளாக இருந்தால் அவரும் சிரித்திருப்பார். இறங்கி வந்து வண்டியின் மூக்கில் கை வைத்தார். இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. ஒரு டைம் கீப்பர் இரும்புக்காக அழலாமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் கண் கேட்கவில்லை.

"மச்சான், சங்கிலியக் கழட்ட வேணாம்," என்றார் தட்சிணாமூர்த்தியிடம். "அப்படியே ஓட்டிட்டுப் போயிடு. நின்னா குடுத்துடுறேன்னு ஆசியாகிட்ட வாக்கு சொல்லியிருக்கேன்."

"வண்டி எங்க நின்னுச்சு?" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். ஆசியா உம்மாள் வண்டிப் படியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னா கேக்குற? வெள்ளாத்துக்கிட்ட மூணு மணி நேரம் நின்னுச்சே!"

"நீங்க பினாங்குலேருந்து ஒரு காயிதம் எழுதுனீங்க. மழையில ஒரு பஸ்சு சேத்துல மாட்டிக்கிச்சு, லாரிய வச்சு இழுத்தாந்தாங்க, மேனேஜரு 'வரல'ன்னு எழுதச் சொன்னாரு, நான் எழுத மாட்டேன்னுட்டேன்னு. இழுத்தாந்த வண்டியும் வந்த வண்டிதான், ரோட்டுல விட்டுட்டு வந்தாதான் நின்ன வண்டின்னு அவருகிட்ட சண்ட போட்டீங்களாம். எழுதினீங்களா இல்லியா?"

குலாம் முகம்மது யோசித்தார். "அது நாப்பத்தொம்பதுல."

"எந்த வருசமா இருந்தா என்னா? சாயங்காலத்துக்குள்ள வந்து சேரணும்னு சொன்னீங்க. சேந்துடுச்சு. மணி அஞ்சு இருவது. நோட்டுல எழுதுங்க."

அவள் அந்தக் கடிதத்தை இருபத்தொரு வருஷமாக மனசில் வைத்திருக்கிறாள் என்பதே குலாம் முகம்மதுவுக்குப் புதுச் செய்தி. பேனாவை எடுத்தார். 'அண்ணாமலை நகர், வந்து சேர்ந்தது, 5.20' என்று எழுதினார்.

தட்சிணாமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் மச்சான்! ரெண்டு வருஷமா அந்த இன்ஜின் மேல கண்ணா இருந்தேன். சரி, போவட்டும். மாட்டுக்குக் கொஞ்சம் தண்ணியாவது காட்டுங்க." சங்கிலியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் பக்கிரி கடைவீதியில் ஒரு செம்பு வாஷர் வாங்கிவந்து மாட்டினான். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினான். தளத்தில் பூசியிருந்த கீலை எல்லாம் சுரண்டி எடுத்தான். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வந்து ஸ்டார்ட் செய்தான். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பாட ஆரம்பித்தது. அந்த நேரம் குலாம் முகம்மதுவின் கை நான்காவது காரணத்தில் இருந்தது. அப்படியே தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

ஆரிபாவுக்குக் கட்டிலில் இரண்டு தலையணை போட்டாயிற்று. ஓட்டைக் காலணாவைத் துடைத்து மனைவியிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் கேட்டார். "ஏன் ஆசியா, ரெண்டு வருஷமா வித்துத் தொலைங்க, வித்துத் தொலைங்கன்னு நச்சரிச்ச. நேத்து விக்கப் போனா குறுக்க வந்து நிக்கிற?"

அவள் காலணாவை வெற்றிலைப் பெட்டியில் போட்டு மூடினாள். "நாள் பூரா வூட்டுக்குள்ள கெடந்தவ நான். இது இல்லாட்டி யாரு என்ன வெளியில கூட்டிப் போறா? நீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு தூக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ஒரே சட்டி அல்ல, இரண்டு இருந்தன. பிள்ளைத்தாய்ச்சிக்கு அடிக்கடி பசிக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மருமகனிடம் சொல்லிக்கொண்டு வந்து, வண்டியின் பின்படியில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தார். புறப்பட இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. மனசு லேசாக இருந்தது. சும்மா இருக்கிறோமே என்று சிவப்புப் புத்தகத்தைப் புரட்டி, இதுவரை எட்டாத பதினான்காவது காரணத்தை முதல் தடவையாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

'டிரைவரின் காலடியில் உள்ள டீசல் குழாயை யாரேனும் மூடிவிட்டார்களா?'

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடுகிற வண்டியில் டீசல் குழாயை எந்தப் பைத்தியக்காரன் மூடுவான்? துரைமார்கள் பட்டியலை நீட்ட எதையாவது எழுதிவிடுகிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்திருக்கப் போனார்.

முன்பக்கம் டிரைவர் ஸீட்டில் இருந்த பக்கிரி, அவர் இன்னும் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டு, திரையை லேசாக விலக்கித் தாழ்ந்த குரலில் சொன்னான்:

"அம்மா, இனிமே ஒரு ஏற்பாடு வச்சுக்குவோம். வண்டிய நிறுத்தணும்னா எப்பவும் போல மூணு தடவ இருமுங்க. நெசமாவே இருமல் வந்துச்சுன்னா, தயவுபண்ணி கையத் தட்டிடுங்க!"